தன் உடம்பில் முதல் ஊசி: வால்டெமர் ஹாஃப்கினின் கதை

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் அதே வழியால் நடந்து வந்தவர்களில் எத்தனை பேர் பாதையிலேயே செத்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் முரண்படுகிறார்கள். எதனால் செத்தார்கள் என்பதில் அவ்வளவு முரண்பாடு இல்லை. பசி, காட்டுக் காய்ச்சல், அவற்றோடு வாந்திபேதி. காலையில் நடந்தவர் மாலையில் கிடப்பார். கூட்டம் அவரை மரத்தடியில் விட்டுவிட்டு நகரும்.

அந்த வாந்திபேதிக்கு எதிராக மனிதருக்குப் போடக்கூடிய ஊசியொன்றைச் செய்து, இந்தியாவில் பெருந்தொகையான மக்களுக்குப் போட்டவர் ஒடெசாவில் பிறந்த ஒரு யூதர். பெயர் வால்டெமர் ஹாஃப்கின். அவர் ஊசியைக் கொண்டுபோன இடங்களில் அசாமின் தேயிலைத் தோட்டங்களும் அடக்கம். லயன் காம்பிரா, பிரட்டுக் களம், துரை, கணக்கப்பிள்ளை என்று வளர்ந்த எவருக்கும் அந்தத் தோட்டங்களின் படம் உடனே கண்ணுக்குள் வரும். பெயர்கள்தான் வேறு.

ஹாஃப்கின் 1860 இல் பிறந்தார். கருங்கடல் பக்கமுள்ள ஒடெசா அப்போது ரஷ்யப் பேரரசின் துறைமுகம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். ஆசிரியர் இலியா மெச்னிகோவ். 1881 இல் ஜார் மன்னன் கொல்லப்பட்டதும் தெற்கு ரஷ்யாவெங்கும் யூதர்களுக்கு எதிரான வன்செயல் வெடித்தது. கடைகள் எரிந்தன, வீடுகள் உடைக்கப்பட்டன. ஒடெசாவில் யூத இளைஞர்கள் தற்காப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். அதில் நின்ற ஹாஃப்கின் காயப்பட்டார், கைதும் செய்யப்பட்டார். மெச்னிகோவ் தலையிட்டதால் வெளியே வந்தார். தாக்கியவர்களை விட்டுவிட்டுத் தடுத்தவர்களைப் பிடித்துக்கொண்டு போகும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

பட்டம் பெற்ற பின்னும் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. கிறிஸ்தவத்துக்கு மாறினால் கிடைக்கும் என்ற நிலை. அவர் மாறவில்லை. ஒடெசாவின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 1888 இல் நாட்டை விட்டுப் போனார். முதலில் ஜெனீவா, பிறகு பாரிஸ். பாரிஸில் லூயி பாஸ்டரின் நிறுவனத்தில் மெச்னிகோவ் இருந்தார். மாணவனுக்கு அங்கே கிடைத்த முதல் வேலை உதவி நூலகர். பகலில் புத்தகம் அடுக்கி, மிச்ச நேரத்தில் ஆய்வுகூடத்தில் நின்றார்.

இங்கே ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1882 இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குடம்பிக்குள் ரோஜா முள்ளொன்றைக் குத்தி வைத்துவிட்டு, மெச்னிகோவ் மறுநாள் காலை பார்த்தார். முள்ளைச் சுற்றி நடமாடும் கலங்கள் கூடியிருந்தன. உடம்புக்குள் புகுந்த அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கும் கலங்கள் இவை என்று அவர் எழுதினார். நமது பாடப் புத்தகங்களில் தின்குழியங்கள் என்று படித்தோமே, அவைதான். ஜேர்மனியில் பெரிங், ஏர்லிக் போன்றவர்கள் வேறு பக்கம் நின்றார்கள். நோயை எதிர்ப்பது இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள பொருட்கள்தான் என்பது அவர்கள் கட்சி. அவற்றைப் பிறபொருளெதிரி என்கிறோம். கலமா, நீரா என்று இரு பக்கமும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சண்டை பிடித்தார்கள். கடைசியில் 1908 ஆம் ஆண்டின் நோபல் பரிசை மெச்னிகோவுக்கும் ஏர்லிக்குக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டையும் இணைக்கும் மூன்றாவது ஆள் உடம்புக்குள் இருந்தது அப்போது இரு தரப்புக்கும் தெரியாது. அதற்குப் பின்னால் வருவோம்.

வாந்திபேதிக் கிருமியை 1884 இல் ஜேர்மனியரான கொக் கல்கத்தாவில் அடையாளம் கண்டிருந்தார். கிருமி தெரிந்துவிட்டது, தடுப்புத்தான் இல்லை. ஹாஃப்கின் அந்தக் கிருமியைக் கினிப்பன்றிகளின் வயிற்றறைக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தைக் கூட்டினார். அதே கிருமியை 39 பாகை வெப்பத்தில் காற்றோட்டமாக வளர்த்து வீரியத்தைக் குறைத்தும் எடுத்தார். முதலில் குறைந்தது, சில நாட்களில் கூடியது என்று இரண்டு ஊசி. 1892 ஜூலை 18 இல் முதல் ஊசியைத் தன் விலாப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது, ஊசி போட்ட இடம் வலித்தது, இரண்டு நாளில் தணிந்தது. ஆறு நாள் கழித்து இரண்டாவது ஊசி. பிறகு நாடுவிட்டு வந்த மூன்று ரஷ்ய நண்பர்கள் போட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டு ரஷ்யாவில் வாந்திபேதி சூறையாடிக்கொண்டிருந்தது. தன்னைத் துரத்திய நாட்டுக்கே அந்த ஊசியைக் கொடுக்க முன்வந்தார். அவர்கள் ஏற்கவில்லை.

ஏற்றது பிரித்தானியா. பாரிஸில் தூதுவராக இருந்த டஃபரின் பிரபு முன்னர் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். அவர் கைகாட்ட, 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தாவில் இறங்கினார். ஆக்ரா, வட இந்தியாவின் இராணுவ முகாம்கள், சிறைகள், கல்கத்தாவின் சேரிகள் என்று அலைந்தார். 1895 நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 42,000 பேருக்கு ஊசி போட்டாயிற்று. பயந்த கூட்டத்தின் முன்னால் அவரும் அவரோடு வந்த வங்காள வைத்தியர்களும் முதலில் தாங்கள் போட்டுக்காட்டுவார்கள். கல்கத்தாவின் சேரியொன்றில் ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் இப்படி முன்வந்தார்கள். அதன் பின் அங்கே வாந்திபேதி வந்தபோது, நோய் கண்டது ஊசி போடாத பக்கத்தில்.

அவருடைய கவனமெல்லாம் இந்த ஒப்பீட்டில்தான். ஒரே குளத்துத் தண்ணீரைக் குடித்து, ஒரே வரிசையில் படுக்கும் மக்களில் பாதிப் பேருக்குப் போட்டு, மற்றப் பாதியோடு ஒப்பிட்டால்தான் ஊசியின் பலன் தெரியும். ஊரில் அப்படிக் கணக்கு வைப்பது கடினம். ஆட்கள் வருவார்கள், போவார்கள். பேர்ப் பதிவும், எண்ணிக்கையும், நகர முடியாத மக்களும் ஒன்றாகக் கிடைக்கும் இடங்கள் மூன்று: படைமுகாம், சிறைச்சாலை, தேயிலைத் தோட்டம். இன்றைய தெற்கு அசாமிலுள்ள காச்சார் தோட்டங்களுக்கு அவருடைய ஊசி போனது அப்படித்தான். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் போட்டுக்கொண்டார்கள். போடாத தொழிலாளர்களைவிட அவர்களிடையே நோயும் சாவும் தெளிவாகக் குறைந்தன.

இதை எழுதும்போது மனம் ஒருபக்கமாக நிற்க மறுக்கிறது. ஊசி உயிர் காத்தது, அதில் சந்தேகமில்லை. யாரையும் வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போடக்கூடாது என்பதில் ஹாஃப்கின் உறுதியாக இருந்தார். ஆனால் துரை பங்களாவின் முற்றத்தில் வரிசையாக நிற்கும் ஒரு தொழிலாளிக்கு விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? கூலி பிடித்துவரச் செலவழித்த காசு வாந்திபேதியில் போய்விடக்கூடாது என்பது தோட்டக் கம்பனிகளின் கவலை. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல், அந்த இரண்டு நாளும் பேர் விழாது என்பது தொழிலாளியின் கவலை. மலையகத்தில் அரைப் பேருக்கு அழுதவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இலங்கை அரசு இந்தப் பிரச்சினையை வேறு விதமாகக் கையாண்டது: வாசலிலேயே மறித்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. தோட்டங்களுக்கு வருவோரை ராமேஸ்வரத்துக்கு இப்பால் மண்டபத்தில் ஒரு முகாமில் பல நாள் வைத்து, நோய் இல்லை என்று கண்டு, அம்மைப்பால் குத்தி அனுப்பினார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. 1964 உடன்படிக்கைக்குப் பிறகு அதே மண்டபம், தாயகம் திரும்புவோர் என்ற பெயரில் அனுப்பப்பட்ட மலையக மக்களை எதிர்கொண்டது. 1983 க்குப் பிறகு படகில் போய் இறங்கிய வடக்குக் கிழக்கு அகதிகளையும் அதுதான் எடுத்துக்கொண்டது. தாத்தா வந்த முகாமுக்குப் பேரன் அகதியாகப் போன குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன.

ஹாஃப்கினின் பெயரை உலகம் அறியச் செய்தது வாந்திபேதி அல்ல, பிளேக். 1896 செப்டெம்பரில் பம்பாயில் அது வெளிப்பட்டது. ஒக்டோபர் தொடக்கத்தில் அவரை அங்கே அனுப்பினார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு இடமும் ஒரு எழுதுவினைஞரும் மூன்று சிற்றூழியர்களும் கொடுக்கப்பட்டார்கள். இறைச்சிச் சாற்றில் நெய் மிதக்கவிட்டால் பிளேக் கிருமி நெய்யின் அடியிலிருந்து விழுதுபோலத் தொங்கி வளர்வதைக் கண்டார். அப்படி வளர்த்த கிருமியைச் சூடாக்கிக் கொன்றார், கெடாமலிருக்கக் கார்போலிக் அமிலம் கலந்தார். மூன்று மாதத்தில் ஊசி தயார். 1897 ஜனவரி 10 இல் தனக்கே போட்டுக்கொண்டார். அந்த மாத இறுதியில் பைக்குல்லா சிறைக்குள் பிளேக் புகுந்தபோது, விரும்பி வந்த கைதிகளுக்குப் போட்டார். கைதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வந்தார்கள். ஊசி வேலை செய்யத் தொடங்கிய பிறகான கணக்கில், போடாதவர்களில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்கு நோய் வந்தது, சாவு இல்லை.

அதே காலத்தில் புனேயில் பிளேக் ஒழிப்பு என்ற பெயரில் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பெண்களையும் தெருவில் வைத்துச் சோதித்தார்கள் என்ற ஆத்திரம் பரவியது. 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். சிப்பாயோடு சேர்ந்து வரும் மருந்தை மக்கள் சிப்பாயாகவே பார்ப்பார்கள். ஊசி போட்டால் மலடாகும், சாதி கெடும் என்ற வதந்திகள் பம்பாயிலும் உலவின. அங்கே ஹாஃப்கினுக்குப் பெரும் துணையாக வந்தவர் இஸ்மாயிலிகளின் தலைவரான இளம் ஆகாகான். இடம் கொடுத்தார், தன் மக்கள் பார்க்கத் தானே ஊசி போட்டுக்கொண்டார். அவர்கள் பின்னால் வந்தார்கள். 1899 இல் பரேலின் பழைய ஆளுநர் மாளிகையில் பிளேக் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. விக்டோரியாவின் பட்டமும் பிரித்தானியக் குடியுரிமையும் ஏறத்தாழ இந்தக் காலத்தில் வந்தன.

அந்த ஊசி உள்ளே என்ன செய்தது? ஹாஃப்கினின் பதில் அனுபவத்தில் நின்றது. கொன்ற கிருமியைப் போட்டால் காய்ச்சல் வருகிறது, அதன் பின் உண்மையான நோய் வந்தாலும் கொல்வது குறைகிறது. அதற்கு மேல் காண அன்று கருவியில்லை. 1961 இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் பிறந்த எலிக்குஞ்சுகளிலிருந்து நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். தொற்றை எதிர்க்கும் வலு அவற்றுக்குப் போய்விட்டது. அந்தச் சுரப்பியில் முதிரும் வெண்குழியங்களுக்குத்தான் பிறகு ரி கலங்கள் என்று பெயர் வந்தது.

இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நடப்பது இப்படி. தோலுக்குள் போன செத்த கிருமியை மெச்னிகோவின் விழுங்கும் கலங்களும் அவற்றின் உறவினரும் தின்கின்றன. தின்றுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. கிருமியைத் துண்டு துண்டாக்கி, அந்தத் துண்டை வெளிப்புறத்தில் ஏந்திக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. கக்கத்திலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டுகிறதே, அந்த இடம். அங்கே பல கோடி ரி கலங்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் வெவ்வேறு வடிவிலான பூட்டு. காட்டப்படும் துண்டு எதற்குப் பொருந்துகிறதோ அந்தச் சில கலங்கள் மட்டும் விழித்துப் பெருகுகின்றன. அவற்றில் உதவும் வகை ரி கலங்கள், பிறபொருளெதிரியை உண்டாக்கும் பி கலங்களுக்கு உத்தரவு கொடுக்கின்றன. பெருகியதில் பெரும்பகுதி வேலை முடிய மடிந்துபோகும். சில, நினைவோடு ஆண்டுக்கணக்கில் தங்கும். கலமா நீரா என்று சண்டை பிடித்த இரு கட்சியையும் சேர்த்துக் கட்டியது இந்த ரி கலம்தான்.

பிளேக் கிருமியிடம் ஒரு தந்திரம் உண்டு. தொற்றின் தொடக்கத்தில் தன்னை விழுங்கிய கலத்துக்குள்ளேயே சாகாமல் பெருகும். பிறபொருளெதிரி இரத்தத்தில் மிதப்பது, கலத்தின் உள்ளே போகாது. அப்போது ரி கலம் வந்து இன்டர்ஃபெரோன் காமா போன்ற இரசாயனங்களைச் சுரந்து, விழுங்கிய கலத்தை உசுப்பிவிட வேண்டும். உசுப்பப்பட்ட கலம் தன் வயிற்றுக்குள் கிடக்கும் கிருமியைக் கொல்லும். செத்த கிருமியால் செய்த ஊசி பிறபொருளெதிரியை நன்றாக எழுப்பும், இந்த இரண்டாவது வேலைக்கு ரி கலங்களை அவ்வளவு தயார்படுத்தாது. ஹாஃப்கினின் பிளேக் ஊசி நெடுநாள் நீடிக்காததற்கும் நுரையீரலைத் தாக்கும் பிளேக்குக்கு எதிராகத் தடுமாறியதற்கும் இது ஒரு காரணம். கசக் கிருமியும் இதே கலத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். ஆகவே அதற்கு உயிருள்ள, வலுக்குன்றிய கிருமியே ஊசியாயிற்று. பிறந்தவுடன் போட்ட பீ.சீ.ஜீ. ஊசியின் தழும்பு நம்மில் அநேகரின் இடது புயத்தில் இருக்கிறது. பத்தடி லயன் அறையில் ஏழு பேர் படுக்கும் இடத்தில் அந்தத் தழும்பின் மதிப்புப் பெரிது. வாந்திபேதிக் கிருமியோ குடலின் உட்சுவரோடு நின்றுவிடுவது. ஆதலால் தோலில் போடும் பழைய ஊசி பின்னாளில் கைவிடப்பட்டு, வாயால் கொடுக்கும் தடுப்பு மருந்து வந்தது.

1902 ஒக்டோபர் 30. பஞ்சாபின் மல்கோவால் என்ற கிராமம். 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் 19 பேருக்குத் தாடை இறுகி ஏற்புவலி கண்டது. 19 பேரும் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் போட்டது 53-என் என்று இலக்கமிட்ட ஒரே போத்தலிலிருந்து. மற்றப் போத்தல்களில் போட்ட 88 பேருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஷெல் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு முதலில் போடுவார்களே ஏற்பூசி, அது அன்று உலகில் இல்லை.

பம்பாய்ப் பிரதம நீதியரசர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. போத்தல் பம்பாய் ஆய்வுகூடத்தில் இருந்தபோதே கெட்டுவிட்டது என்று அது முடிவு கட்டியது. வேகமாக உற்பத்தி செய்வதற்காக ஹாஃப்கின் கார்போலிக் அமிலத்தை விட்டு, சூட்டை மட்டும் நம்பியதுதான் குற்றம் என்றார்கள். பாரிஸிலும் அந்த முறை வழக்கில் இருந்தது என்ற அவருடைய விளக்கம் எடுபடவில்லை. பதவி போயிற்று. 1904 இல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பிரான்சில் யூதரான டிரைஃபஸ் என்ற படை அதிகாரிமீது பொய்க்குற்றம் சுமத்திய வழக்கு அப்போதும் முடியவில்லை. ஹாஃப்கினுக்கு நடந்ததையும் குட்டி டிரைஃபஸ் வழக்கு என்று பிற்பாடு சிலர் அழைத்தார்கள்.

ஆனால் சாட்சியங்களுக்குள்ளேயே மறுமொழி இருந்தது. போத்தலைத் திறந்தபோது உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி நிலத்தில் விழுந்தது. அதைச் சரியாகக் கிருமிநீக்காமல் போத்தலின் அடைப்பை எடுக்கப் பயன்படுத்தினார்கள். ஏற்புவலிக் கிருமி மண்ணில் வாழ்வது. அது வாரக்கணக்காகப் போத்தலுக்குள் வளர்ந்திருந்தால் திறந்தவுடன் நாற்றம் அடித்திருக்கும். ஊசி போட்ட வைத்தியர் எந்த நாற்றத்தையும் உணரவில்லை. நஞ்சு ஏற்கெனவே ஊறியிருந்தால் நோய் கண்டது இன்னும் விரைவாக இருந்திருக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து நோய் கண்டது என்பதே கிருமி அன்று அந்த முற்றத்தில்தான் உள்ளே போனது என்பதைக் காட்டியது. லண்டனின் லிஸ்டர் நிறுவனமும் பிற வல்லுநர்களும் இந்தப் பக்கமே நின்றார்கள். அரசு ஆவணங்களை வெளியிட ஆண்டுகள் எடுத்தது. மலேரியாவை நுளம்பு பரப்புவதைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ரொஸ் விடாப்பிடியாக எழுதினார். 1907 ஜூலையில் பத்து அறிவியலாளர்கள் சேர்ந்து லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் ஹாஃப்கின்மேலிருந்த பழி நீங்கியது. ஐந்து ஆண்டுகள்.

விசாரணை ஆணைக்குழுக்களைக் கண்டு சலித்த நமக்கு அந்த ஐந்து ஆண்டு குறைவாகவும் தோன்றலாம். இடைக்காலத்தில் பஞ்சாபில் ஊசி இயக்கம் படுத்துவிட்டது. அந்த மாகாணத்தில் பிளேக் மிகக் கொடூரமாக அடித்த ஆண்டுகள் அவைதாம். 1896 க்கும் முதலாம் உலகப்போரின் முடிவுக்கும் இடையில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பிளேக்கால் இறந்தார்கள். மல்கோவாலின் 19 குடும்பங்கள் இந்தக் கதையில் எங்குமே பேசுவதில்லை. ஆவணங்கள் போத்தலின் இலக்கத்தை மறக்கவில்லை, அதிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதவில்லை.

ஹாஃப்கின் கல்கத்தாவுக்குத் திரும்பினார். பம்பாயில் அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். கல்கத்தாவில் கொடுத்த ஆய்வுகூடத்தில் ஊசி தயாரிக்கும் வசதி இல்லை, புதிய ஊசியை மனிதரில் சோதிக்க அனுமதியும் இல்லை. 1914 இல் ஓய்வு பெற்றுப் பிரான்சுக்குப் போனார். அதன் பின் அறிவியலில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. யூத மதத்தின் ஆசாரங்களுக்குத் திரும்பினார், அவற்றை ஆதரித்து 1916 இல் நீண்ட கட்டுரையொன்றை எழுதினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1925 இல் பரேல் ஆய்வுகூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் மாற்றினார்கள். அதற்குள் அங்கிருந்து இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஊசி மருந்துகள் வெளியே போயிருந்தன.

கடைசி ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் லொசானில் தனியாக வாழ்ந்தார். சேமித்த பணத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூத மதப் பள்ளிகளுக்கென 1929 இல் ஒரு அறக்கட்டளையாக்கினார். மதக் கல்வியோடு அறிவியலும் ஏதாவதொரு கைத்தொழிலும் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1930 ஒக்டோபர் 26 இல் இறந்தார். பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள், அந்தப் பள்ளிகள் இருந்த ஊர்களின் யூதர்களில் பெரும்பாலோரை நாசிகள் கொன்றுவிட்டார்கள். அறக்கட்டளையின் பணம் லொசானில் வங்கியில் இருந்தது.